டம்பரின் ரிடார்டர்: ‘துணைத்தடுப்பி’யை விட்டுவிட்டு ‘இறக்கப்பிடி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுரங்கங்களில் ஓடும் கனரக டம்பர் லாரிகளின் ஆபரேட்டர்களுக்காக நாம் தமிழில் எழுதும் கையேட்டுக்கான சொற்களில் ‘முறுக்கு மாற்றி’ (டார்க் கன்வர்ட்டர்), ‘பூட்டுக் கிளட்ச்’ (லாக்-அப் கிளட்ச்) இரண்டும் முடிவாகிவிட்டன. கியரைக் கியர் என்றே விட்டுவிடலாம் என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. பல்லிணை என்று எழுதினால் சுரங்கத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்துவிடாமல் தாங்கும் கருவியான ரிடார்டரில்தான் இழுபறி. வேகக்குறைப்பி, தணிப்பான், துணைத்தடுப்பி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கடைசிச் சொல்லுக்கு ஆதரவு அதிகம். எனக்குப் பயமும் அதில்தான் அதிகம்.

அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கேட்டர்பில்லர் 777-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நம் திருவள்ளூர் ஆலையிலும் செய்யப்படும் வண்டிதான். லோடு ஏற்றினால் மொத்த எடை 160 டன் அளவுக்கு வரும். பள்ளச் சுரங்கத்தில் லோடு வண்டி ஏறும், காலி வண்டி இறங்கும். மலையுச்சியில் வெட்டும் சுரங்கமென்றால் லோடோடுதான் இறங்க வேண்டியிருக்கும். 10-க்கு 1 (அதாவது 10 சதவீத) சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அப்படி ஒரு வண்டி இறங்குகிறது என்று வையுங்கள். சக்கரங்களின் உருளல் தடைக்கு அந்தப் பத்தில் 2 சதவீதத்தைக் கழித்தாலும், ஏறத்தாழ 700 கிலோவாட் வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். எஞ்சின் முழு மூச்சில் தரும் திறனுக்கு இது அதிகம் குறைவில்லை. வேகம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை; 20 கி.மீ. அப்படியே நிற்கிறது. அதற்கே இவ்வளவு வெப்பம்.

இந்த வெப்பத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்பவை எண்ணெயில் மூழ்கியிருக்கும் பின் பிரேக் தட்டுகள். எண்ணெயைச் சுற்றி ஓடவைத்துக் குளிர்விக்கும் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் தட்டுகள் குளிரும். அதற்குக் கீழ் கியர் வேண்டும். 777 வரிசையில் தானியங்கி ரிடார்டர் இயங்கும்போது எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 1900-ஐ ஒட்டியே வைக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். ‘ஆட்டோமேட்டிக்தானே, கியரை அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று புதிதாக வரும் ஆபரேட்டர் நினைக்கலாம். பார்த்துக்கொள்ளாது. தேர்வு லிவரை 3-ல் வைத்தால் ‘மூன்றுக்கு மேல் போகாதே’ என்று பொருள். எதில் வைப்பது என்பதை முடிவு செய்பவர் ஆபரேட்டர். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு கீழ் கியரைக் கேட்டால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்றுவிடும் என்று டிரான்ஸ்மிஷன் கொடுக்க மறுத்துவிடும். ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே இறங்கச் சொல்வதும் ‘இறக்கத்துக்குக் கீழ் கியர்’ என்ற இதே பாடம்தான்; அங்கே எஞ்சினின் இழுபிடி பிரேக்கின் சுமையைக் குறைக்கிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘வேகக்குறைப்பி’ என்பதைக் கன்வேயர்களில் இருக்கும் குறைப்புக் கியர்பெட்டிக்கு எழுதுகிறார்கள். ஒரே சுரங்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் உதிரிப்பாகக் கிடங்கில் தினமும் வாக்குவாதம்தான். ‘தணிப்பான்’ (மாடரேட்டர்) அணு உலைக்காரர்களிடம் போய்விட்டது, அவர்களிடமே இருக்கட்டும்.

‘துணைத்தடுப்பி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தடுப்பி என்றதும் இழுத்தால் வண்டி நின்றுவிடும், நின்ற வண்டியையும் பிடித்துக்கொள்ளும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ரிடார்டர் லிவரை இழுத்து வைத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அதற்குப் பார்க்கிங் பிரேக் தனியாக இருக்கிறது. கையேடு இதைக் கொட்டை எழுத்தில் எச்சரிக்கும்போது, கருவியின் பெயரே அந்த எச்சரிக்கைக்கு எதிராகப் பேசக் கூடாது அல்லவா?

என் முன்மொழிவு ‘இறக்கப்பிடி’. ‘பார்த்து, பிடிச்சு இறக்கு’ என்று நாம் சாதாரணமாகவே சொல்கிறோம். அந்தப் ‘பிடித்து’ என்பதில் நிறுத்துதல் இல்லை, விட்டுவிடாமல் தாங்கிக்கொண்டே கீழே கொண்டுவருதல் இருக்கிறது. தொடர்புடைய சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: தானியங்கி இறக்கப்பிடி, இறக்கப்பிடி லிவர், இறக்கப்பிடி எண்ணெய் வெப்பநிலை. கியரே இல்லாத மின்னியக்க டம்பர்களுக்கும் இது பொருந்தும். பி.இ.எம்.எல். நிறுவனத்தின் பிஎச்205-இ போன்ற வண்டிகளில் சக்கர மோட்டார்கள் இறக்கத்தில் மின்னாக்கிகளாக மாறி, அந்த மின்சாரத்தை மின்தடைகளில் வெப்பமாகக் கரைக்கின்றன. அதை ‘மின் இறக்கப்பிடி’ என்றுவிடலாம். ‘மின் துணைத்தடுப்பி’ என்றால் எதற்குத் துணை என்ற கேள்வி வரும்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரப் பேருந்துகளில் சமதரையில் வேகத்தைக் குறைக்கவும் ரிடார்டரைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ‘இறக்கம்’ ஒட்டாது. பேருந்துக்காரர்களுக்கு ‘வேகப்பிடி’ என்று வேறொரு சொல் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு துறைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டிலும் பாதி பொருந்தும் சொல்தான் கிடைக்கும். கான்கிரீட் சீக்கிரம் இறுகாமலிருக்கக் கலக்கும் ரிடார்டரையும் இந்தப் பந்தியில் உட்கார வைக்க வேண்டாம்.

நியூட்ரல் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை நண்பர் ‘நொதுமல்’ என்கிறார். அங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய சொல், தமிழ்நாட்டு ஆபரேட்டருக்குப் புதிது. ‘இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டாதே’ என்பது உயிர் காக்கும் வாக்கியம். நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது; எஞ்சினின் இழுபிடி போய்விடும், சுழற்சி குறைவதால் பிரேக் எண்ணெய்க்குக் குளிர்ச்சியும் குறையும். அந்த வாக்கியத்தில் ஒரு நொடிகூடத் தயங்கவைக்கும் சொல் வரக் கூடாது. ஆகவே நியூட்ரல் என்றே எழுதுவோம் என்பது என் கட்சி.

இறக்கப்பிடி பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லைத் தனியாக அனுப்பாமல், கீழே உள்ள மூன்று வாக்கியங்களிலும் போட்டு அனுப்புங்கள்:

‘இறக்கம் தொடங்கும் முன் கியரைத் தேர்ந்தெடு, பிறகு இறக்கப்பிடியைப் போடு.’

‘இறக்கப்பிடி எண்ணெய் சூடேறினால் வண்டியின் வேகத்தைக் குறைத்து, அடுத்த கீழ் கியருக்கு வா.’

‘வண்டியை நிறுத்தி வைக்க இறக்கப்பிடியைப் பயன்படுத்தாதே.’