சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகும் தொண்டர் வேலை, சேரலாமா? (மட்டக்களப்பு)

கல்லடிப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் சின்ன அமைப்பு ஒன்று இருக்கிறது. இனி மருந்தால் மாற்ற ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு விட்ட ஆட்களை, பெரும்பாலும் புற்றுநோய்க்காரரை, வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். ஆள் மோசம் போன பிறகு அந்தக் குடும்பத்தையும் கொஞ்சக் காலம் விடாமல் பார்க்கிறார்கள். இப்போது தொண்டர்கள் தேவை என்று கேட்டிருக்கிறார்கள். நான் பாலர் பாடசாலை ரீச்சர், பின்னேரத்தில் நேரம் இருக்கிறது. போன வருசம் ஆவணியில் அப்பா குடல் புற்றுநோயில் போனவர், கடைசிக் காலம் முழுக்க நானும் அம்மாவும்தான் பார்த்தோம். சொந்தக்காரர் வந்தார்கள், ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டுவந்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள், போனார்கள். "நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் படுங்கோ, நான் இருக்கிறன்" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால்தான் சேர ஆசை.

அம்மாவுக்குத் துண்டாக விருப்பமில்லை. குமர்ப்பிள்ளை துடக்கு வீடுகளுக்கு அலைகிறதா என்கிறா.

அங்கே போய் உண்மையில் என்ன செய்வது, அப்பா போய் ஒரு வருசம்கூட ஆகாத நான் இப்போதே போகலாமா? இன்னொன்று, எங்கள் ஊரில் பாதி வீடுகளில் நோயாளிக்கு வருத்தம் என்னவென்று சொல்லவே மாட்டார்கள், "வயிற்றில் புண்" என்று வைத்திருப்பார்கள். அவர் என்னிடம் "மகள், எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டால் என்ன சொல்ல?

பழைய தாதி:

தங்கச்சி, நான் வாட்டில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவள், கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பொய் சொல்லாதே, உண்மையையும் நீ உடைக்காதே. "ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேள். அநேகமானவர்களுக்குத் தெரியும், வீட்டார் பயப்படுகிறார்களே என்று அவர்களும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். சிலர் உன்னிடம் காணியைப் பற்றிக் கதைப்பார்கள், கலியாணம் கட்டாத மகளைப் பற்றிக் கதைப்பார்கள், வருத்தத்தின் பெயர் ஒரு தரமும் வராது. வராவிட்டால் விடு. நேரே கேட்டு, பதில் வேண்டும் என்று நின்றால், "இதை மிஸ்ஸிடம் சொல்கிறேன், அவ வந்து உங்களோடு கதைப்பா" என்று சொல்லி, அன்றைக்கே தாதியிடம் சொல்லு.

என்ன செய்வது என்றால், நீ ஆசைப்பட்டாயே, அதேதான். பார்க்கிற ஆள் குளிக்க, படுக்க, வங்கிக்குப் போக நீ கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இரு. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பார். மருந்து முடியப் போகிறதா என்று பார். ஆனால் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ உனக்கு உரிமையில்லை, அது எவ்வளவு சின்ன குளிசையாக இருந்தாலும் சரி.

மோபின் என்ற கடும் நோவுக்கான மருந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் படித்துக்கொண்டு போ, ஏனென்றால் வீடுகளில் சண்டை வருவது அதில்தான். அது கொடுத்தால் ஆள் கெதியாகப் போய்விடுவார் என்று நினைத்து, நோ உச்சத்துக்கு வரும்வரை ஒளித்து வைப்பார்கள். சாதாரண மோபின் குளிசை ஏறக்குறைய 4 மணித்தியாலம்தான் வேலை செய்யும், அதனால்தான் நோ வருகிறதோ இல்லையோ மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டர் எழுதிய அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. குமட்டல் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது, அதற்கான மருந்து கூடவே போக வேண்டும். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரும் இதை முதலில் கண்டது டாக்டராக அல்ல. தாதியாக இருந்து, பிறகு ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளராகி, வேறொரு இல்லத்தில் தொண்டராகப் பின்னேரங்களில் போய் வந்த காலத்தில்தான் மோபினை நேரப்படி கொடுப்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார். தொண்டர் சும்மா ஆள் என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லு.

சாப்பாடும் அப்படித்தான். கடைசி நாட்களில் உடம்பு சாப்பாடு கேட்காது. வாயைத் திறந்து கஞ்சி ஊற்றினால் புரைக்கேறும். "பட்டினி போட்டோம் என்ற பழி வரக்கூடாது" என்று மகன்மார் அழுவார்கள், அவர்களிடம் நனைந்த பஞ்சைக் கொடுத்து உதட்டை நனைக்கச் சொல். செய்ய ஒரு வேலை கிடைத்தால் ஆறுவார்கள்.

ஒரு வருசம் பொறு என்பது என் கருத்து. பல நாடுகளில் இப்படியான இல்லங்கள் புதிதாக ஆளை இழந்தவர்களை ஏறக்குறைய அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்கின்றன. குடல் புற்றுநோயோடு இன்னொரு அப்பா படுத்திருக்கும் வீட்டுக்கு உன்னை இப்போது அனுப்பினால் நீ எந்தக் கட்டிலைப் பார்ப்பாய்?

படுவான்கரையான்:

பழைய தாதி அக்கா சொன்னதில் ஒரு சொல்லும் குறையில்லை, ஆனால் அவ செத்த வீட்டோடு நிறுத்திவிட்டா. அந்த அமைப்புக்கு ஆள் உண்மையில் தேவைப்படுவது அதற்குப் பிறகு. எங்கள் ஊரில் எட்டாம் நாள் வரைக்கும் வீடு நிறைந்திருக்கும், முப்பத்தொன்றாம் நாளுக்குச் சமைக்க ஊரே வரும், அடுத்த நாள் வாடகைக் கதிரையை ஏற்றிக்கொண்டு லாண்ட்மாஸ்டர் போனால் அதோடு சரி. செத்தவரின் மனுசி தனியே இருப்பது அப்போதிருந்துதான். நீ இரண்டாம் மாதம் போ, நாலாம் மாதம் போ, முதல் தீபாவளிக்கு முன்னம் ஒரு தரம் போ.

போய் அவவைக் கதைக்க வைக்காதே, இதை நான் கோபத்தோடு சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எத்தனை பேர் வந்து, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களை இருத்தி வைத்து, என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்லு சொல்லு என்று கேட்டுப் படிவம் நிரப்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பதால் பலனில்லை என்று பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைக் கைவிடச் சொன்னது, 2011இல் அவர்கள் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் இருப்பது கவனி, கேள், தேவையான உதவியோடு இணை, அவ்வளவுதான். துக்கத்துக்கு ஐந்து படி என்று பயிற்சியில் படம் கீறிக் காட்டினால் அதையும் தலையில் ஏற்றாதே. அந்தப் படிகளைச் சொன்ன மனநல டாக்டர் குப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளோடு கதைத்துவிட்டு, பின்னால் இருக்கிற குடும்பத்தைப் பார்த்து அல்ல. எங்கள் ஆட்கள் ஒரே பின்னேரத்தில் சிரித்து, ஏசி, அழுது, பிறகு வட்டைக்கு, வயல் வேலைக்குப் போவார்கள்.

அவர்களுக்குக் கடிதாசி வேலையில்தான் உதவி தேவை. வீட்டில் செத்தால் கிராம சேவகரிடம் அறிவிக்க வேண்டும், பதிவாளரிடம் மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க வேண்டும், ஆள் அரசாங்க வேலையென்றால் விதவைகள் ஓய்வூதியம், தனியார் வேலையென்றால் ஊழியர் சேமலாப நிதி. எழுத வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை பிரதேச செயலகத்துக்குக் கூட வந்தாலே பாதிப் பாரம் இறங்கும். வாவியைக் கடக்க மண்முனைப் பாலம் வந்த பிறகு இந்தப் பக்கம் வருவது அவ்வளவு கஷ்டமும் இல்லை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆளே இல்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லு.

அக்கரைப்பற்றாள்:

நானும் அம்பாறைப் பக்கம் இப்படிக் கொஞ்சக் காலம் போய் வந்தவள். தங்கச்சி, உங்கட அமைப்பு முஸ்லிம் வீடுகளுக்கும் போகுமென்றால் பொம்பிளைத் தொண்டர் கட்டாயம் தேவை. கணவன் மௌத்தானவ 4 மாதமும் 10 நாளும் இத்தா என்ற துக்கக் காலத்தில் வீட்டோடு இருப்பா, வயிற்றில் பிள்ளையென்றால் பிறக்கும்வரை. அந்நிய ஆண்கள் போய்ப் பார்க்க ஏலாது, அவவும் தேவையில்லாமல் வெளிக்கிட மாட்டா. எங்களில் ஜனாஸாவை அன்றைக்கே அடக்கிவிடுவார்கள், அதனால் ஊருக்கு எல்லாம் கெதியாக முடிந்துவிடும், அவவுக்கு முடியாது.

ஒரு வருசம் பொறுக்கச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கலண்டரைப் பார்த்தா துக்கம் குறையும்? நோயாளி வீட்டுக்கு இப்போது போகாதீர்கள், அது சரி. ஆனால் தண்ணீர் மெத்தை, சில்லுக் கதிரை இரவல் கொடுத்து வாங்குகிற வேலை இருக்குமே, அதில் சேரலாம். அதைவிட நல்லது ஒன்று உங்களிடம் இருக்கிறது, நீங்கள் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற ஆள். செத்த வீட்டில் பிள்ளைகளிடம் "வாப்பா நித்திரை கொள்கிறார்", "அம்மா வெளிநாடு போயிட்டா" என்கிறார்கள். அஞ்சு வயதுக்குக் கீழே பிள்ளைக்குச் சாவு என்பது திரும்பி வராத காரியம் என்று விளங்காது, நித்திரை என்றால் இரவில் படுக்கப் பயப்படும். வெளிநாடு என்பது இன்னும் மோசம், இங்கே எத்தனை உம்மாமார் சவூதியிலும் குவைத்திலும் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கோல் வருகிறது, இந்தப் பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு இருக்கும். "செத்துவிட்டார், உடம்பு வேலை செய்யவில்லை, உன் மேல் பிழை இல்லை, உன்னைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம்" என்று நேராகச் சொல்ல வீட்டாருக்கு வாய் வராது. உங்களுக்கு வரும்.

கல்லடிப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. அக்கரைப்பற்று அக்கா, பிள்ளைகள் விசயம் என் மண்டையில் வரவே இல்லை, பாடசாலையில் அப்படி ஒரு பிள்ளை இப்போதே இருக்கிறான். இரவல் சாமான் வேலையில் இப்போது சேர்ந்து, ஆவணித் திவசம் முடிய வீடுகளுக்குப் போகலாமா என்று அவர்களிடம் கேட்கப் போகிறேன். அம்மாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பழைய தாதி:

அம்மாவோடு வாதாடாதே, அவவையும் ஒரு நாள் முப்பத்தொன்று கழிந்த வீடொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போ, அப்படியானவவிடம் கதைக்க உன்னைவிட அவவுக்குத் தெரியும். இந்த வருசக் கணக்கில் அக்கரைப்பற்றுத் தங்கச்சி சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று, நோயாளி வீட்டுக்குப் போகிற காலத்தில் சென்ட் பூசிக்கொண்டு போகாதே, மல்லிகைப்பூவும் வேண்டாம், வாந்தி வருகிற ஆட்களுக்கு அது பெரிய கரைச்சல். பிளேன்டீ தந்தால் குடி, வேண்டாம் என்றால் துடக்கு என்று நினைக்கிறாய் என்று எடுப்பார்கள்.