பிள்ளையை அடக்கம் செய்த வீட்டில் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று சொல்லலாமா?

பாளை ஞாயிறுபள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், சென்ற மாதம் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சாலை விபத்தில் இறந்துபோனான். அடக்கத்துக்கு மறுநாள் அந்த வீட்டில் நடந்த ஜெபத்தில், சபையின் மூத்தவர் ஒருவர் பிலிப்பியர் 4:4ஐ வாசித்தார்: “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்.” வாசித்து முடித்து, அழுதுகொண்டிருந்த தாயைப் பார்த்து, “இப்படி அழுதால் புறமதத்தாருக்கு முன் நம் சாட்சி என்னாவது?” என்று கேட்டார். அந்தத் தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். அன்றுமுதல் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. வசனத்தில் குறையில்லை என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன்; ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் அதைச் சொன்னது தவறு என்பது என் கருத்து. உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

நாசரேத்தூரான்:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். அந்தப் பெரியவர் சாட்சியைப் பற்றிக் கேட்ட கேள்வி கடுமையானது. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வசனத்தை வாசித்ததே தவறு என்பதை ஏற்க முடியாது. அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொகுசாக உட்கார்ந்து எழுதவில்லை. தம் கட்டுகளைப் பற்றி அந்த நிருபத்தின், அதாவது கடிதத்தின், முதல் அதிகாரத்திலேயே திரும்பத் திரும்பக் குறிப்பிடும் கைதி அவர். அதே பிலிப்பி பட்டணத்தில்தான் அவரும் உடன் ஊழியர் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் துதித்துப் பாடினார்கள். ‘எப்பொழுதும்’ என்று எழுதியவர், துக்க வீட்டுக்கு மட்டும் விலக்கு கொடுக்கவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னது, விளைச்சல் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அல்லவே. நல்ல நாளுக்கு மட்டும் உரிய சந்தோஷம் எல்லா மனிதரிடமும் இருக்கிறது. அதற்குக் கிறிஸ்து தேவையில்லை.

இரவுப்பணிச் செவிலி:

ஐயா, நீங்கள் காட்டிய நிருபத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அதன் இரண்டாம் அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகும் தறுவாயில் இருந்ததைச் சொல்லும் பவுல், தமக்குத் “துக்கத்தின்மேல் துக்கம்” வராதபடி தேவன் இரங்கினார் என்று எழுதுகிறார். நண்பன் இறந்திருந்தால் தாம் உடைந்துபோயிருப்பார் என்பதை அவர் மறைக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகவே சொல்கிறார். ஆக, அழுகிறவரும் சந்தோஷமாயிருங்கள் என்கிறவரும் அந்த நிருபத்தில் ஒரே ஆள்தான். பெத்தானியாவில் இயேசு, இறந்துபோன லாசருவை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே கண்ணீர்விட்டார். லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மற்றொரு சகோதரி மரியாள் அழுதபடி வந்தபோது, கல்லறை எங்கே என்று மட்டும் கேட்டார்.

சிறைச்சாலைப் பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவு பாடியவர்கள் அடிபட்டவர்கள். கதவுக்கு வெளியே நின்று ‘பாடுங்கள்’ என்று அவர்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் ஒருவனுடைய ஆடையைக் களைவதற்குச் சமம் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. புற்றுநோய்ப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பார்வை நேரத்தில் வந்து உரத்த குரலில் துதித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முன் நன்றாகச் சிரித்த நோயாளிகள், அவர்கள் போனபின் என்னிடம் போர்வையைத் தலைவரை இழுத்துவிடச் சொன்னதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நாசரேத்தூரான்:

சகோதரி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். என்னுடையதையும் சொல்லவேண்டியிருக்கிறது, சொல்லாவிட்டால், துன்பம் அறியாமல் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். என் மனைவிக்கு ஆறு ஆண்டுகளாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம். முதல் ஆண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எங்களோடு அழுதார்கள். அவர்கள் அன்பில் நான் குறை காணவில்லை. ஆனால் அவர்கள் எழுந்துபோன பிறகு வீடு முன்னிலும் இருண்டு கிடந்தது. ஒருநாள் வயதான உபதேசியார் ஒருவர் வந்து, “அம்மா, உன் சந்தோஷம் உன் சிறுநீரகத்தில் இல்லை” என்று நேராகச் சொன்னார். அந்த வார்த்தைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. இப்போதெல்லாம் காலையில் எழுந்தவுடன், டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் என் விரல்களை எடுத்து வைத்து, உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுவதை உணரச் செய்து, “இன்னும் ஓடுது, ஸ்தோத்திரம்” என்பாள். இரண்டு பெரிய ஊசிகள் ஏறும் கை அது.

ஆகையால் நான் கேட்கிறேன்: நலமாயிருக்கிறவர் துன்பப்படுகிறவரிடம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றால், உடல்நலமுள்ள எந்தக் குருவானவர் இந்த வசனத்தைப் பிரசங்கிக்க முடியும்? அந்த உபதேசியார் நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டிருந்தால், நாங்கள் என்னவாகியிருப்போம்?

டோனாவூர்ப் பக்கத்து வாசகர்:

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் கீழே விழுந்து படுகாயமடைந்தார். அதற்குப் பின் 1951இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதியவை ஏராளம். அவற்றில் சோர்வைக் காட்டிலும் ஸ்தோத்திரமே மேலோங்கி நிற்கிறது. இதுவரை நாசரேத்து ஐயாவின் பக்கம் பேசுகிறேன் என்று தோன்றும். ஆனால் நோயாளிகளுக்கென்று தமக்கு வந்த துண்டுப்பிரசுரங்கள் தம்மைத் தொடவில்லை என்றும், அவை நலமானவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை என்றும் அவரே பதிவுசெய்திருக்கிறார். அதனால்தான் படுக்கையில் இருந்தபடி, நோயாளி ஒருவர் மற்ற நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூலை அமைத்தார். சந்தோஷத்தில் குறைவில்லாத ஒருவருக்கே அந்தப் பிரசுரங்கள் பாரமாக இருந்தன என்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரவுப்பணிச் செவிலி:

நாசரேத்து ஐயா, உங்கள் மனைவியின் கையைப் பற்றி வாசித்தபோது சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த உபதேசியார் எப்போது வந்தார் என்பதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: முதல் ஆண்டில் எல்லாரும் அழுது முடித்த பிறகு. பாளை அக்கா சொன்ன வீட்டில் பையனை அடக்கம் செய்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள்கூட ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறினார்கள்.

குருவானவர்கள் பிரசங்கிக்கட்டும். யாரும் சாகாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கிக்கட்டும்; கடைசி வரிவரை இருள் விலகாத 88ஆம் சங்கீதத்தையும் சேர்த்தே வாசிக்கட்டும். நிற்கக் கற்ற பிள்ளைதானே தள்ளாடும்போது எதையாவது பிடித்துக்கொள்ளும். எபிரெயர் 12:2 சொல்வதும் இயேசுவுக்கு முன் வைத்திருந்த சந்தோஷத்தைப் பற்றித்தான். அது எதிரே இருந்தது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் அவர் கையில் இருந்ததோ மரணத்துக்கேதுவான துக்கம்.

நாசரேத்தூரான்:

காலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வேறுபாட்டை நான் எண்ணிப்பார்க்கவில்லை. ஆனாலும் ஓர் அச்சம் நீங்கவில்லை: காலம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஒருவரும் சொல்லாமலே விட்டுவிடுவோம். ஏழாம் நாளுக்குப் பிறகும் எட்டாம் நாள் ஒன்று வரவேண்டும் அல்லவா?

பாளை ஞாயிறுபள்ளி ஆசிரியை:

நேற்று மாலை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தாய் உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். பழக்கத்தில் நான்கு பேருக்கு அளந்துவிட்டு, ஒரு பங்கைத் திரும்ப அள்ளி அரிசிப் பானைக்குள் போட்டார். நான் வேதத்தைத் திறக்கவில்லை. புறப்படும்போது அவரே சொன்னார்: “டீச்சர், ஆண்டவர்மேல எனக்குக் கோபம் இல்ல. பாட்டுதான் வாயில வரமாட்டேங்குது. கோயில்ல என் பங்கையும் சேத்து நீங்க பாடிருங்க.”

நாசரேத்தூரான்:

வசனத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் நானும் என் மனைவியும் அந்த வீட்டுக்கு வரலாமா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? பேசுவதாக இருந்தால் அவள் பேசுவாள், நான் பேசப்போவதில்லை.

பாளை ஞாயிறுபள்ளி ஆசிரியை:

கேட்டேன், ஐயா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார்.