உலோகத்தன்மையா, உலோகவீதமா?

நண்பர்களே,

ஒரு விண்மீனில் ‘உலோகங்கள்’ எவ்வளவு பங்கு என்பதை வானியலார் ‘மெட்டாலிசிட்டி’ (metallicity) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஆக்சிஜனை உலோகம் என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். ‘கனத்தன்மை’ என்று வைத்துவிடலாமே.

சிரிக்கட்டும் ஐயா. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாவற்றையும் உலோகம் என்பது வானியலாரின் பழைய வழக்கம். ‘கனத்தன்மை’தான் எனக்கு இடிக்கிறது. கனம் மிகுந்த விண்மீன் என்றால் நிறை மிகுந்தது என்றுதான் யாரும் படிப்பார்கள்.

‘உலோகத்தன்மை’யும் வேண்டாம். பளபளப்பு, மின்கடத்தல் என்று வேதியியலார் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். இங்கே அளப்பது பங்கை. சூரியனின் நிறையில் இந்த ‘உலோகங்கள்’ நூற்றுக்கு ஒன்றரை அளவுதான். ஆகவே உலோகவீதம்.

> வட்டி வீதம் போல வேகத்தைக் குறிக்காதா? ‘விகிதம்’ போதாதா?

மாம்பலத்து அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் சதவீதம் என்று தினமும் சொல்கிறோமே, அதில் வேகம் எங்கே இருக்கிறது? விகிதத்தை இரண்டு தனிமங்களை ஒப்பிடும் இடத்துக்கு வைத்துக்கொள்வோம். அங்கே அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் விண்மீன்திரளின் பழங்கதை அதில்தான் இருக்கிறது.

பெரிய விண்மீன்கள் பிறந்த சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்து ஆக்சிஜன், மக்னீசியத்தை வாரி இறைக்கின்றன. வெண்குறுமீன்கள் (எரிந்து அடங்கிய விண்மீன்களின் எச்சங்கள்) வெடித்து இரும்பைக் கொட்டுவது பெரும்பாலும் அதற்கு வெகு பின்னால். எனவே ஒரு விண்மீனில் இரும்பு குறைந்து, மக்னீசியம்–இரும்பு விகிதம் உயர்ந்திருந்தால், அது வெண்குறுமீன்களின் இரும்பு வந்து சேருமுன் உருவானது. சிறிய திரள்களில் விண்மீன்கள் மெதுவாகப் பிறப்பதால், மொத்த இரும்பு இன்னும் குறைவாக இருக்கும்போதே வெண்குறுமீன்களின் இரும்பு வந்து கலந்து இந்த விகிதம் இறங்கிவிடும். பால்வழி சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுங்கிய கையா–என்செலடஸ் திரளின் விண்மீன்களை 2018-இல் அடையாளம் காண, அவற்றின் ஓட்டத்தோடு இந்த விகிதமும் கைகொடுத்தது. உலோகவீதம் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் நம்மூர் விண்மீன்களோடு கலந்து போயிருக்கும்.

1792-லேயே சென்னை நுங்கம்பாக்கத்து வான்நோக்ககத் தூணில் தமிழும் வெட்டிய ஊர் இது. வீதம், விகிதம் என்று இரண்டு சொல்லுக்கு இடமில்லாமலா போகும்?

சரி, மிச்சம் ஒன்று. பால்வழியின் வட்டில் நடுவிலிருந்து வெளியே போகப் போக உலோகவீதம் குறைகிறது. அதை ‘உலோகவீதச் சரிவு’ என்றால் பங்குச்சந்தைச் செய்தி போல இருக்கிறது. தண்ணீர் வடிய மொட்டைமாடித் தளத்துக்குக் கொத்தனார் விடுகிறாரே, வாட்டம், அது பொருந்தும் என்பது என் கட்சி. ‘உலோகவீத வாட்டம்’: ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.