பொருளாதாரம், ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: மான்ஹைமா, டில்பர்க்கா, சிங்கப்பூரா?

கட்டபெட்டு மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுதான் எங்கள் ஊர். கோவையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாவது செமஸ்டரை வெளிநாட்டில் படிக்கக் கல்லூரியில் மூன்று இடம் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியில் மான்ஹைம், நெதர்லாந்தில் டில்பர்க், அப்புறம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. தங்குவது, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் நம் கைக்காசு.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்து விலை ஒரு மாதம் ஏறினால் மூன்று மாதம் இறங்குகிறது. ஏன் என்று கேட்டால், "குன்னூர் ஏலத்தில் அப்படித்தான் போச்சாம்" என்பார். அந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தேன். தோழிகள் ரேங்க் பட்டியலைப் பார்த்துச் சிங்கப்பூர் என்கிறார்கள். தமிழ் பேசுகிற ஊர் என்பதால் அம்மாவும் அதையே சொல்கிறார். எதை வைத்து முடிவு செய்வது? பத்து நாளில் படிவம் கொடுக்க வேண்டும்.

ஊட்டி வங்கிக்காரர்:

முதலில் பணத்தைப் பாரம்மா. ஜெர்மனிக்கு மாணவர் விசா என்றால் முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே பணம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்கு. ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ரூபாய். அது செலவாகிப் போகிற பணம் இல்லை, அங்கே போனபின் மாதாமாதம் உன் கைக்கே வரும். ஆனால் விசாவுக்குப் போகும்போது முழுத்தொகையும் இருக்க வேண்டும். அப்பா இலை போட்டு வரும் காசை மட்டும் நம்பாமல் இப்போதே வங்கியில் பேசச் சொல்.

குன்னூர் எஸ்டேட் அக்கா:

தங்கச்சி, நானும் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். சில வருடம் முன்பு இதே போல ஒரு செமஸ்டர் மான்ஹைம் போய் வந்தேன். ரேங்க் பட்டியலை மூடி வை. நீ ஒரு கேள்வியோடு போகிறாய். அந்தக் கேள்விக்கு எங்கே பாடம் இருக்கிறது என்று மட்டும் பார். மூன்று பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலையும் திறந்து ஏலம், விளையாட்டுக் கோட்பாடு (அடுத்தவர் என்ன செய்வார் என்று கணித்து முடிவெடுப்பதைப் பற்றிய பாடம்), தொழில்துறைப் பொருளாதாரம் ஆகிய மூன்றையும் தேடு. உன் செமஸ்டரில், இளங்கலைக்கு, ஆங்கிலத்தில் நடக்கிறதா என்று பார். பட்டியலில் பெயர் இருக்கும், அந்த வருடம் நடத்த மாட்டார்கள். அதையும் கவனி.

அடுத்தது நாட்காட்டி. ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை இழுக்கும். நம் ஆறாவது செமஸ்டர் பாதி போய்விடும். ஆனால் மான்ஹைமில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கி டிசம்பரில் முடியும். எனக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது. நெதர்லாந்தில் பல இடங்களில் தேர்வு ஜனவரியைத் தொடும், டில்பர்க் அட்டவணையை எடுத்துப் பார்த்துக்கொள்.

முதல் நாள் பொருளாதாரத் துறையைத் தேடிப் போனபோது கையில் இருந்த முகவரி எல்7, 3-5. தெருப் பெயரே இல்லை! அந்த ஊரின் நடுப்பகுதி முழுக்கச் சதுரம் சதுரமாக இருக்கும், ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும். கொஞ்ச நேரம் தடுமாறினேன். அப்புறம் எங்கள் எஸ்டேட்டில் "ஒன்பதாம் நம்பர் காட்டில் இன்றைக்குக் கொழுந்து" என்று சொல்வது ஞாபகம் வந்தது. அதே கணக்குதான் என்று பிடிபட்டதும் யாரிடமும் கேட்காமல் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு வந்த தைரியம் கடைசி வரை இருந்தது.

தேர்வு நம்மைப் போல இல்லை. இன்டர்னல் மார்க் காப்பாற்றாது, பல பாடங்களில் கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் மொத்த மதிப்பெண்ணும். மார்க் ஷீட்டையும் முன்கூட்டியே புரிந்துகொள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். நெதர்லாந்தில் பத்துக்கு 5.5 எடுத்தால் பாஸ், எட்டு வாங்கினாலே மிக நல்ல மாணவி.

இதைக் கட்டாயம் செய். எடுக்கப்போகும் பாடங்களின் பெயர், கிரெடிட், பாடத்திட்டம் எல்லாவற்றையும் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கு. அங்கே போய்ப் பாடம் மாற்றினால் அன்றைக்கே மெயில் போட்டுச் சம்மதம் வாங்கு. நான் வாய்ச்சொல்லை நம்பினேன். திரும்பி வந்ததும், விளையாட்டுக் கோட்பாடு நம் சிலபஸில் இல்லாத தலைப்பு என்று என் கல்லூரியில் கிரெடிட் தரவில்லை. இன்னொரு பேப்பரை முதலிலிருந்து படித்து எழுதினேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உன் ஏலத்துக்கு வருகிறேன். குன்னூரில் விலை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் நிற்பவருக்குத் தேயிலை. நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் பூ ஏலத்தில் நேர் எதிர். கடிகாரத்தில் விலை மேலிருந்து இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. சில நிபந்தனைகள் பொருந்தினால் இரண்டு முறையிலும் விற்பவருக்குச் சராசரியாக ஒரே தொகைதான் கிடைக்கும் என்று வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-ல் காட்டினார். 2020-ல் மில்கிராம், வில்சன் என்ற இரண்டு பேருக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததும் ஏலக் கோட்பாட்டுக்குத்தான். வாங்குபவர்கள் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாமல் இருப்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. வாங்குபவர்கள் நாலைந்து பேர்தான் என்றால் என்ன ஆகும்? ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து போடும் உன் அப்பாவுக்கு அதில் எவ்வளவு குறையும்? இதை எந்த வகுப்பில் கேட்க முடியுமோ, அங்கே போ.

கொடைக்கானல் தகப்பன்:

என் மகள் சிங்கப்பூர் போனாள். ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்துவிட்டது, இங்கே வந்து அடுத்த செமஸ்டரில் சுலபமாகச் சேர்ந்தாள். அறை வாடகைதான் அதிகம். அம்மாவின் நிம்மதியும் ஒரு காரணம்தான், தள்ளிவிடாதீர்கள்.

கட்டபெட்டு மாணவி:

அக்கா, நேற்று ராத்திரி மூன்று பட்டியலையும் உட்கார்ந்து பார்த்தேன். சிங்கப்பூரிலும் விளையாட்டுக் கோட்பாடு இருக்கிறது! ஆனால் அதற்கு முன் வேறொரு பாடம் முடித்திருக்க வேண்டுமாம். நான் படித்த நுண்பொருளாதாரத்தை ஏற்பார்களா?

குன்னூர் எஸ்டேட் அக்கா:

ஏற்க வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பேப்பரின் சிலபஸை முழுதாக இணைத்து, எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்று எழுதி அவர்களுக்கே மெயில் அனுப்பு. அதே மெயிலை மான்ஹைமுக்கும் டில்பர்க்குக்கும் போடு. யார் முதலில் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். வந்ததும் இங்கே எழுது, சேர்ந்து பார்க்கலாம்.