1847 ‘டி’ ஐந்து டாலர் தங்கக்காசு: வாங்கலாமா?

அட்லாண்டாக்காரன்:
1800களின் அமெரிக்கத் தங்கக்காசுகளை இரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். கையில் மொத்தமே நாலுதான். போன சனிக்கிழமை ஒரு வியாபாரி 1847 ஹாஃப் ஈகிள் (ஐந்து டாலர் தங்கக்காசு) காட்டினார். பின்பக்கம் கழுகுக்குக் கீழே குட்டியாக ஒரு ‘டி’. டென்வரில் அடித்ததாம். 3,200 டாலர் கேட்கிறார். தராசில் 8.31 கிராம் வந்தது, காந்தம் ஒட்டவில்லை. தங்கம்தான். தரச்சான்று எதுவும் கிடையாது. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது; பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் என் மாமியார். வாங்கலாமா?

பழங்காசு:
முதலில் மாமியாரிடம் பேசுங்கள். தேய்த்த காசுக்குப் பாதி விலைகூடத் தேறாமல் போகலாம். அந்த மங்கல்தான் அதற்கு அழகு.

டென்வர் அரசு நாணயச்சாலை காசு அடிக்கத் தொடங்கியதே 1906இல். 1847இல் ‘டி’ என்றால் டலோனிகா நாணயச்சாலை. உங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். 1838 முதல் 1861 வரை அங்கே தங்கம் மட்டும்தான் அடித்தார்கள். இதுகூடத் தெரியாத வியாபாரியா, சரி.

“தங்கம்தான்” என்கிறீர்களே, சிக்கலே அதில்தான். 1847இல் இதே காசை எழுத்து இல்லாமல் பிலடெல்பியாவில் 9 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். டலோனிகாவில் சுமார் 64,000தான். டலோனிகாவுக்கான அச்சுகளும் பிலடெல்பியாவில் செய்தவையே. அதனால் மலிவான பிலடெல்பியா காசில் ஒரு ‘டி’யை ஒட்டிவிட்டால் தராசும் காந்தமும் காட்டிக்கொடுக்காது. காசு அசல், எழுத்து மட்டும் போலி.

நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். சார்லட் நாணயச்சாலையின் ‘சி’ போட்ட இரண்டரை டாலர் காசு. லென்ஸில் பார்த்தபோதே ‘சி’யைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு, பக்கத்தில் மட்டும் தளம் வழவழவென்று. அழுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரம் பார்க்க அனுப்பினால், எழுத்து பின்னால் சேர்த்தது என்று திரும்பி வந்தது. இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

பத்து மடங்கு லென்ஸ் எடுத்துப் போங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து ‘டி’யின் அடியைப் பாருங்கள். காசுகளுக்குத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் தளத்தில் அந்த வருட டலோனிகா காசின் படங்கள் இருக்கின்றன. எழுத்து உட்கார்ந்திருக்கும் இடத்தையும் ஆண்டு இலக்கங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

ஈகிள்பிரியன்:
விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். அந்தக் காலத்தில் நிறையக் காசுகளைப் பதக்கமாக மாட்டினார்கள். கொக்கி பற்றவைத்த இடத்தில் விளிம்புப் பற்கள் தேய்ந்திருக்கும்.

அட்லாண்டாக்காரன்:
இன்று போனேன். விளிம்பு நன்றாக இருக்கிறது. ‘டி’யின் இடது காலடியில் ஒரு கோடு தெரிந்தது, அழுக்கா என்று சொல்ல முடியவில்லை. “தரம் பார்க்க அனுப்பிவிட்டுப் பணம் தரட்டுமா?” என்று கேட்டேன். “வாங்கிய பிறகு உன் செலவில் அனுப்பிக்கொள், திருப்பி எடுக்கமாட்டேன்” என்றார். தங்கக்காசை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் டலோனிகா அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். மாமியாரும் வருகிறார்.