தம்பி படையில் சேர்ந்து ஏழாவது வாரம். பேச்சே சரியில்லை

கேள்வி (சிப்பாயின் அக்கா):
தம்பி அமெரிக்க ராணுவத்தில் அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சில நிமிடம் போன் கொடுப்பார்கள். போன வாரம், "நான் இங்க யாருக்கும் பிரயோஜனமில்லக்கா" என்றான். தூக்கமும் இல்லையாம். "இன்னும் போருக்கே போகலையே, அதுக்குள்ள என்ன?" என்கிறார் அப்பா. வீரர்களின் மனநலத்தைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்களாமே, புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றி அதில் ஏதும் உண்டா?

பதில் (முன்னாள் ராணுவ மருத்துவ உதவியாளர்):
உண்டம்மா. ஆர்மி ஸ்டார்ஸ் என்ற ஆய்வு. அமெரிக்க ராணுவமும் தேசிய மனநல நிறுவனமும் சேர்ந்து 2009-ல் தொடங்கின. 2004 முதல் 2009 வரை பணியிலிருந்த சுமார் 16 லட்சம் பேரின் பதிவேடுகளை அலசியதில், போர்முனையையே பார்க்காதவர்களிடமும் தற்கொலை விகிதம் ஏறியிருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 2016-ல் வெளியான முடிவு இன்னும் முக்கியம்: களத்துக்குப் போகாத சிப்பாய்களிடம் தற்கொலை முயற்சி அதிகமாக நடந்தது பணியின் இரண்டாவது மாதத்தில். களத்தில் இருப்பவர்களுக்கு ஆறாவது மாதம், திரும்பி வந்தவர்களுக்கு ஐந்தாவது மாதம். 2015-ல் தொடங்கிய தொடர் ஆய்வில், முன்பு பங்கேற்ற வீரர்களில் பல ஆயிரம் பேரிடம், சீருடையைக் கழற்றிய பிறகும், அவர்கள் மனநலம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

உச்சம் என்றாலும் பெரும்பாலானவர்கள் இந்த மாதத்தைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் தம்பி சொன்ன வார்த்தையை விட்டுவிடாதீர்கள். பயிற்சி முகாமில் ஒரு பையன் கால் கொப்புளத்துக்கு மருந்து கேட்டு மூன்று நாள் வந்தான். காலில் ஒன்றுமே இல்லை. நாலாம் நாள்தான் "தூங்கினியா?" என்று கேட்டேன். உடைந்து அழுதான். அந்த மூன்று நாள் இன்னும் என்னை உறுத்துகிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

பதில் (ஒரு சிப்பாயின் மனைவி):
வேலைக்கு ஆபத்து வருமோ என்று என் கணவர் எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. ராணுவ மதகுருவிடம் சொல்வது ரகசியமாகவே இருக்கும், எந்த மதமானாலும் போகலாம். மேலதிகாரியிடம், காரணம் சொல்லாமலே, மனநலப் பரிசோதனை கேட்கவும் 2023-லிருந்து வழி இருக்கிறது. நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் எந்நேரமும் ஆள் எடுப்பார்கள். பணியில் இருப்பவர்களுக்கும், நம்மைப் போன்ற குடும்பத்தாருக்கும்தான்.

கேள்வி கேட்டவர்:
இன்று கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ரெண்டு தடவை தோணுச்சுக்கா" என்றான். போனை வைத்த கையோடு பயிற்சி சார்ஜென்ட்டிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். உடனே மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள், ஒருவர் கூடவே இருக்கிறாராம். ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்றாவது தாள்.