முதல் ஈசிஜி நார்மல், முதல் ட்ரோபோனினும் நெகட்டிவ்: நெஞ்சு வலிக்காரரை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம்?

இரவுப்பணி:
நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிடுகிறோம். அது நார்மல். ஹை சென்சிடிவிட்டி ட்ரோபோனினும் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) வரம்புக்குள்தான். வலி குறைந்ததும் "கிளம்பலாமா டாக்டர்?" என்கிறார். படுக்கை காலியில்லாத நேரத்தில் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்?

மூன்றாம்_மணி:
வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் அதற்கு ஈடாகாது. தொடங்கி 3 மணி நேரம் ஆகாதவருக்கு ஒற்றை ட்ரோபோனின் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதாது. ரத்தத்தில் ஏறவே அதற்கு அவகாசம் வேண்டும். 1 அல்லது 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். விட்டுவிட்டு வரும் வலி என்றால் கடைசியாக வந்த வலியிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பு.

இன்னொன்று, லேப் ரிப்போர்ட்டில் அச்சாகும் "நார்மல்" வரம்பு வேறு, விரைவு முறையில் மாரடைப்பை விலக்கும் வரம்பு வேறு. ரோஷ் ட்ரோபோனின்-டி என்றால் ரிப்போர்ட் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். 1 மணி நேர முறையில் விலக்க, முதல் அளவு 12-க்குக் கீழும் ஏற்றம் 3-க்குக் கீழும் இருக்க வேண்டும். வேறு கம்பெனி கிட் என்றால் எண்களும் மாறும். சிறுநீரக நோயாளிக்கு அளவு எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். அங்கே ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

வி4ஆர்:
வலி இருக்கும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஈசிஜியைத் திரும்ப எடுங்கள். வி1 முதல் வி3 வரை (நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி லீடுகள்) எஸ்டி பகுதி இறங்கியிருந்தால் இஸ்கீமியா (இதயத் தசைக்கு ரத்த ஓட்டக் குறைவு) என்று எழுதி நிறுத்திவிடாமல், வி6 மட்டத்திலேயே முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 வையுங்கள். அங்கே 0.5 மி.மீ. ஏற்றமே போதும், அது பின்சுவர் மாரடைப்பு. கீழ்ச்சுவர் மாரடைப்பென்றால் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) கொடுக்கும் முன் வி4ஆர் (வலது நெஞ்சில் வைக்கும் லீட்) பார்த்தே ஆகவேண்டும். வலது வென்ட்ரிக்கிளும் (இதயத்தின் வலது கீழறை) அடிபட்டிருந்தால் நாக்கடியில் வைக்கும் ஒரு மாத்திரையிலேயே பிபி சரிந்துவிடும்.

வி1, வி2 மிகவும் மேலே ஒட்டப்படுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கழுத்துக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் 2-வது விலா. அதற்குக் கீழே 2-வது இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு இறங்கினால் 4-வது, அதுதான் வி1, வி2-இன் இடம். மேலே ஒட்டினால் இல்லாத டி-அலை மாற்றம் தெரியும்.

வலி நின்றுவிட்டது என்பதும் ஆறுதல் இல்லை. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் மிகவும் அடைபட்டிருப்பதைக் காட்டும் வெல்லன்ஸ் மாற்றம் (வி2, வி3-இல் டி-அலை ஏறி இறங்குவது) வலியில்லாத நேரத்தில்தான் தெரியும். அவரை ட்ரெட்மில்லில் ஏற்றவே கூடாது.

ட்ரையாஜ்_மேசை:
சிஸ்டர்களுக்காக ஒன்று. ஆஸ்பிரின் 300 மி.கி. மெல்லக் கொடுக்கும் முன் "வலி எடுத்த எடுப்பிலேயே உச்சமா? முதுகுக்குப் போகிறதா?" என்று கேட்டு, இரண்டு கையிலும் பிபி பாருங்கள். 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அயோர்ட்டா (பெருந்தமனி) கிழிசலைச் சந்தேகித்து உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வித்தியாசம் இல்லை என்பதால் மட்டும் அதை விலக்கிவிட முடியாது. நைட்ரேட்டிலோ ஆன்டாசிட்டிலோ வலி அடங்கியது எதற்கும் சான்றாகாது. ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே போனால் மட்டும் மாஸ்க். சர்க்கரை நோயாளி, முதியவர், பெண்கள் "மூச்சு வாங்குது, வேர்க்குது" என்று மட்டும் சொன்னாலும் அதே 10 நிமிடம்தான்.

இரவுப்பணி:
நன்றி. ஹார்ட் ஸ்கோர் (வலியின் விவரம், ஈசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின் வைத்துப் போடும் மதிப்பெண்) 3, இரண்டு ட்ரோபோனினும் குறைவு என்றால்?

மூன்றாம்_மணி:
ஈசிஜியிலும் மாற்றமில்லை, வேறு ஆபத்தான காரணமும் தெரியவில்லை என்றால் அனுப்பலாம். மறுபரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி, முதல் ஈசிஜி நகலையும் கையில் கொடுங்கள். அடுத்தமுறை ஒப்பிட அதுதான் உதவும். ஸ்கோர் 4 முதல் 6 என்றால் கண்காணிப்பில் வையுங்கள்.